லிசார்தோவின் ஆம்ப்ளிஃபயர்

அந்த நாளைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. என் நினைவில் அந்தப் பாட்டு முழுதாகக் கேட்கிறது. லிசார்தோவின் கிட்டார், டிரம்ஸ், அவற்றுக்கு அடியில் நான் வாசித்த பேஸ் கிட்டார், எல்லாமே கேட்கின்றன. ஆனால் அப்படிக் கேட்டிருக்க வழியே இல்லை. ஆம்ப்ளிஃபயரில் பேஸ் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்ததே நான்தான். இதிலேயே தவறுகிற நினைவு மற்றவற்றில் எவ்வளவு தவறும்? லிசார்தோவின் மனைவி நெலித்தின் பாவாடை பச்சை என்று நினைக்கிறேன். காலையில் ஒரு தூறல் விழுந்தது என்றும் நினைக்கிறேன். சத்தியம் செய்யமாட்டேன்.

லிசார்தோ பந்துரோ, ஆற்று வெள்ளம் வடிகிற பருவத்தில் காய்ச்சலில் இறந்தான். அதற்கு முந்தைய கார்னிவலில்தான் அவன் உமிஷா மரத்தை வெட்டி வீழ்த்தியிருந்தான். காட்டிலிருந்து ஒரு பனையைக் கொண்டுவந்து தெரு நடுவில் நட்டு, வாளிகள், கண்ணாடிகள், துண்டுகள், சீப்புகள் எல்லாம் கட்டித் தொங்கவிடுவார்கள். அதைச் சுற்றி ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வெட்டு வெட்டுவார்கள். யாருடைய வெட்டில் மரம் சாய்கிறதோ அவர் அடுத்த ஆண்டு மரமும் நட வேண்டும், பாட்டும் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் சாந்தா ஒலிம்பியாவில் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார்கள், உமிஷாவைத் தள்ளிப்போட மாட்டார்கள். அந்தக் கடமையை வைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனால் ஆறு விடாது, லாஞ்சு மணல்திட்டில் ஏறிவிடும் என்பார்கள். நான் நம்புவதில்லை. ஆனால் அப்படிப் போனவர் யாரையும் எனக்குத் தெரியாது.

கார்னிவலுக்குச் சில வாரம் முன்பு ஒரு மாலை, அவர்கள் வீட்டுச் சமையலறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லிசார்தோ இருந்தபோதும் அங்கேதான் உட்காருவேன். அவன் பேசுவான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் போன பிறகும் நான் வருவதை நிறுத்தவில்லை. நெலித்தும் அதிகம் பேசுகிறவள் அல்ல. அடுப்பில் விறகு வெடிக்கும். நாய் வந்து போகும். இருட்டியதும் எழுந்து போவேன்.

அன்று அவளாகவே மகளைப் பற்றி ஆரம்பித்தாள். "மிர்லாவுக்கு ஏப்ரல்ல பொறந்துடுமாம். அவ வேல பாக்கற தையல் கடைக்காரி லாஞ்சுல ஆளனுப்பிச் சொன்னா. லிமாவுல அவளுக்கு யாரு இருக்கா? நான் போகணும்."

"போங்க."

"உமிஷா இருக்கே."

"புருஷன் செத்த வீடு. நடலன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நெலித்."

"சொல்ல மாட்டாங்கதான். பாவம்னு பாப்பாங்க. அத என்னால தாங்க முடியாது." கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். "மரத்த நட்டுடறேன். யாராவது வெட்டிச் சாய்ச்சிட்டா அது அவங்க பாடு. அடுத்த நாளே நான் கெளம்பிடுவேன்."

"பாட்டுக்கு? மேளக்காரங்களையும் புல்லாங்குழலையும் ரோமெர் பேசி முடிச்சிட்டானே."

அந்த ஆண்டு மேல்தெருவில் ரோமெர் பினேதோவும் மரம் நட வேண்டியிருந்தது.

"இவரு வாசிப்பாரு" என்றாள்.

அவள் காட்டிய மூலையில் துணி போர்த்தி லிசார்தோவின் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. வால்வு வைத்த பழைய பெட்டி. அதன் மேல் ஒரு கேசட். எங்கள் குழு கலைவதற்கு முன்பு ஆற்றோர வானொலி நிலையம் ஒன்றில் போய் வாசித்தோம். அதன் பதிவு அது ஒன்றுதான். கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு, ரெக்கார்டரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் போதும் என்று நினைத்திருந்தாள்.

ஆற்றின் மேல்புறத்தில் வேறொரு ஊரில் இதே காரியம் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கிட்டார்க்காரன் பெட்டி எதையும் தாங்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மேடையில் அவ்வளவு சத்தம் போடுகிற பெட்டி ஓர் இசைத்தட்டைத் தாங்காதா என்பார்கள். அந்த ஊரில் அப்படிச் சொல்லித்தான் முழுச் சத்தத்தில் வைத்தார்கள். இரண்டாவது பாட்டிலேயே ஸ்பீக்கரின் காகிதம் நடுவில் கிழிந்தது. அதன் சொந்தக்காரன் அன்று முழுவதும் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போடலாம். ஆனா சும்மா போட முடியாது" என்றேன்.

"ஏன்?"

"அது கிட்டாருக்குன்னே செஞ்ச ஸ்பீக்கர். ஒரு ஆள் துடுப்பு போடற ஓடம் மாதிரி. கேசட்டுல முழுக் குழுவும் இருக்கு. டிரம்ஸ் இருக்கு, நான் இருக்கேன். எல்லாரும் ஏறினா முழுகிடும்."

"கிழிஞ்சா வேற போட மாட்டாங்களா, புகல்பா டவுன்ல?"

"போடுவாங்க. அது வேற குரலா இருக்கும்."

அவள் எழுந்து போய்ப் பெட்டியின் மேல் துணியைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது அது.

பெட்டியைத் திறந்து பார்க்க ஒருநாள் எடுத்துக்கொண்டேன். பிளக்கில் மூன்றாவது முனை இல்லை. எர்த் முனையை லிசார்தோ குறட்டால் ஒடித்து எறிந்திருந்தான். எங்கள் பக்கத்து சுவிட்ச் பலகைகளில் இரண்டு ஓட்டைதான் இருக்கும் என்பதால் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பாடும்போது மைக் உதட்டில் சுருக்கென்று அடிக்கும். "முத்தம் குடுக்குது" என்று சிரிப்போம். கார்னிவலில் ஊரே நனைந்து, சேறும் சாயமுமாகத் திரியும். அந்தக் கைகள் இந்தப் பெட்டியைத் தொட்டால் அது முத்தத்தோடு நிற்காது. புதிய பிளக் போட்டேன். ஜெனரேட்டரின் பலகையையும் மூன்று ஓட்டை உள்ளதாக மாற்றினேன். ஜெனரேட்டரிலிருந்து ஓர் எர்த் கம்பியை ஈர மண்ணில் அடித்த இரும்புக் கழியில் கட்டினேன்.

கார்னிவலின் கடைசி நாள், தூறல் விட்டதும் வேலையைத் தொடங்கினேன். பெட்டியைத் தெருவில் வைக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாளித் தண்ணீர் எட்டாதபடி, வீட்டின் உள்கூரைக்குக் கீழே, தரையில் படாமல் பலகை மேல் வைத்தேன். முதலில் ஜெனரேட்டரை ஓடவிட்டு, அதன் மூச்சு சீராகும்வரை காத்திருந்தேன். எல்லாத் திருகும் பூஜ்யத்தில் இருக்க, அதன் பிறகே ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். வால்வுகள் செம்மஞ்சளாகச் சிவந்து சூடேறின. ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து வந்த கம்பியை வலுக்குறைந்த இரண்டாவது துளையில் சொருகினேன். கிட்டார் அனுப்புவது ஒரு முணுமுணுப்பு. ரெக்கார்டர் அனுப்புவது கத்தல். அதனால் ரெக்கார்டரின் சத்தத்தையும் அடியோடு குறைத்து வைத்தேன்.

கடைசியில் பேஸ் திருகு. ஸ்பீக்கரைக் கிழிப்பவை அந்தத் தாழ்ந்த ஒலிகள்தான். அதை இடது பக்கம் முட்டும்வரை திருப்பினேன்.

கேசட் சுழன்றது. லிசார்தோ வாசிக்கத் தொடங்கினான்.

நெலித் வாசல்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, பக்கத்து அறையில் இருக்கிற ஒருவர் என்ன செய்கிறார் என்று கேட்பவளைப் போல நின்றாள். டேப் ரெக்கார்டரிலேயே அவள் பலமுறை கேட்ட பாட்டுதான். ஆனால் இந்தப் பெட்டியில் அவன் சுண்டும் தந்தியின் முனையில் ஒரு நடுக்கம் வரும். அது வேறெதிலும் வராது. அது வந்தது. டிரம்ஸ் யாரோ தொலைவில் கதவைத் தட்டுவதுபோல் கேட்டது. நான் எங்குமே இல்லை.

மதியத்துக்குள் கூட்டம் சேர்ந்தது. மரம் நல்ல உயரம். நெலித் ஒரு சிவப்பு வாளியை உச்சியில் கட்டச் சொல்லியிருந்தாள். மசாத்தோ என்கிற மரவள்ளிக் கள் குடுவைகள் கைமாறின. மூன்று கணவர்களைப் புதைத்த ஓதிலா முகமெல்லாம் சிவப்புச் சாயத்தோடு முதல் ஆளாகக் கத்தியை வாங்கினாள். ஆடிக்கொண்டே போய் மரத்தை மெல்லத் தட்டிவிட்டு வந்தாள்.

"என்னம்மா, மரத்துக்கு முத்தம் குடுக்கிறியா?" என்று யாரோ கத்தினார்கள்.

"நான் தொட்ட ஆம்பள எவனும் நின்னதில்ல. அதான் மெதுவா தொட்டேன்" என்றாள் ஓதிலா.

சிரித்தார்கள், ஆடினார்கள். ஆனால் சரியாக வரவில்லை. தோளோடு தோள் கோத்துக் குதிக்கிற ஆட்டத்துக்குக் கால் எங்கே இறங்க வேண்டும் என்று பேஸும் டிரம்ஸும்தான் சொல்லும். சொல்ல ஆள் இல்லாமல் வரிசை இடறியது. அந்தக் கேசட்டில் ஓர் இடம் உண்டு. லிசார்தோ கிட்டாரை நிறுத்திவிட்டு, "அபேலு, வாடா!" என்று கூப்பிடுவான். நான் மட்டும் தனியாக வாசிக்க வேண்டிய இடம். அது வந்தது. அவன் கூப்பிட்டான். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஜெனரேட்டரின் இரைச்சல் மட்டும். ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள்.

"கூப்பிடறான், ஆளக் காணோமே!"

"அபேலு தூங்கறாரு போல!"

"முழிச்சிருக்கும்போதும் இப்படித்தான். எழுப்பி விடுங்கப்பா!"

நானும் சிரித்தேன். கையைப் பெட்டியின் மேல் வைத்திருந்தேன். அது இளஞ்சூடாக இருந்தது. உள்ளே எங்கோ நான் வாசித்துக்கொண்டிருந்தேன். கேட்கத்தான் இல்லை.

அப்போது மேல்தெருவில் ரோமெரின் மேளம் தொடங்கியது. புகல்பாவிலிருந்து அவன் வரவழைத்திருந்த ஆளுயரப் பெட்டிகளும் சேர்ந்துகொண்டன. அவற்றின் அதிர்வு தரை வழியாக எங்கள் பெட்டி இருந்த பலகைக்கு வந்தது. கூட்டம் கோபித்துக்கொண்டு போகவில்லை. தண்ணீர் பள்ளம் பார்த்துப் போவதுபோல் போனது. முதலில் இளைஞர்கள், பிறகு பெண்கள், பிறகு மசாத்தோ. நெலித் உச்சியில் தொங்கிய சிவப்பு வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தில் விழுந்திருந்த வெட்டுகள் எல்லாம் ஒரு விரல் ஆழம்கூட இல்லை.

ரோமெர் கெட்டவன் அல்ல. அவனே வந்தான், சேறு சொட்டச் சொட்ட.

"அபேலண்ணே, என்ன இது? பீரங்கி மாதிரி பெட்டி. கொசு மாதிரி வெச்சிருக்கீங்க. கொஞ்சம் ஏத்திவிடுங்க. பாதிப் பேரு இங்கயே திரும்பிடுவாங்க."

"அங்கயே நில்லு. ஈரக் கையோட கிட்ட வராத."

"சரி, கேசட்டயாவது குடுங்க. என் மரம் விழுந்ததும் என் பெட்டியில போட்டுவிடறேன்."

நெலித் திரும்பினாள். "அவரு பெட்டியிலதான் அவரு வாசிக்கணும், ரோமெரு. உன் நல்ல மனசு இருக்கட்டும்."

"பொழுது சாயறதுக்குள்ள மரம் விழலன்னா கடம அடுத்த வருஷமும் உங்க மேலயே நிக்குமே அக்கா. நாளைக்கு வெட்ட முடியாது. சாம்பல் புதன், நோன்பு தொடங்கிடும்."

"தெரியும்."

அவன் என்னைப் பார்த்தான். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். ஓதிலாவும் இன்னும் இரண்டு வயதானவர்களும் மிச்சம். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து நின்றது. நான் திருப்பிப் போட்டேன். போட்டுவிட்டு, திருகின் மேல் கையை வைத்தபடி கேட்டேன்.

"ஏத்தட்டுமா? பேஸையும் சேத்துத் தெறந்துட்டா ஊரே திரும்பி வரும்."

"கிழிஞ்சிருமா?"

"கிழியலாம். தப்பிக்கவும் தப்பிக்கலாம்."

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"கிழியும்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். லிசார்தோ ஒரு பாட்டை முடித்து இன்னொன்றைத் தொடங்கினான். தெருவின் கடைசியில் ஆறு தெரிந்தது. காலையிலிருந்து அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வேண்டாம். இப்படியே இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "லிமா எங்கயும் ஓடிடாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"கொழந்த?"

"பொறக்கும். நான் இல்லன்னா பொறக்காதா?"

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்பது எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்திருந்தாலே போதும். வெயில் இறங்கும். மரம் நிற்கும். இன்னொரு ஆண்டு மாலைதோறும் அந்தப் பெஞ்சில் உட்காரலாம், விறகு வெடிப்பதைக் கேட்கலாம். பெட்டியைக் காப்பாற்றியதற்காக அவள் நன்றியோடுகூட இருப்பாள். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். அதை நான் நினைத்துப் பார்த்தேன். ஒரு பாட்டு முடிகிறவரை நினைத்தேன்.

பிறகு ஓதிலாவைக் கூப்பிட்டேன். "இங்க உக்காருங்க. எதையும் தொடாதீங்க. எவனாவது கிட்ட வந்தா கையக் கடிச்சிடுங்க."

"பல்லுக்கு எங்க போறது?"

"கத்தவாவது செய்யுங்க."

"நீ எங்கடா போற?"

"ஆடப் போறேன்."

அவள் வாய் திறந்தபடி இருந்தது. எங்கள் குழு வாசித்த காலம் முழுவதும் நான் ஒரு கார்னிவலிலும் ஆடியதில்லை. மற்றவர்கள் ஆடுவதற்காகச் சுவரோரமாக நின்று நாலு தந்தியை இழுத்துக்கொண்டிருந்தவன் நான்.

நெலித்திடம் போய்க் கையை நீட்டினேன். அவள் கையைப் பார்த்தாள், பிறகு மரத்தில் சாய்த்து வைத்திருந்த கத்தியைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"வேண்டாம் அபேல். தனி ஆளு நீங்க. எங்க போயி மரம் கொண்டு வருவீங்க, யாரு பாட்டு குடுப்பா?"

"அது அடுத்த வருஷக் கத. வாங்க, பாட்டு முடிஞ்சிடும்."

ஆடினோம். ஆட்டம் என்று சொன்னால் ஆடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கை கோத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தோம். கால் எங்கே இறங்க வேண்டும் என்று அந்தப் பெட்டி சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், வாசித்தவன் நான்தானே. நான் காலை வைத்த இடத்தில் அவளும் வைத்தாள். அவளுடைய கை சொரசொரப்பாக இருந்தது. அவ்வளவுதான் எனக்கு உறுதியாக நினைவிருக்கிறது.

முதல் வெட்டில் பட்டை தெறித்தது. நான் தட்டவில்லை, வெட்டினேன். ஒரு சுற்று ஆடிவிட்டு வந்து வெட்டுவதுதான் முறை. அந்த முறையை நான் மீறவில்லை. அவளிடம் கத்தியைக் கொடுத்தபோது அவள் மரத்தைத் தொட்டுவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள். மேல்தெருவில் ரோமெரின் மரம் விழுந்த ஆரவாரம் கேட்டது. எங்கள் மரம் முனகியது. கடைசியாக நான் ஓங்கியபோது அது வீட்டுப் பக்கம் சாயாமல் தெருவின் நீளத்துக்குச் சாய்ந்து சேற்றில் விழுந்தது. வாளிகள் உருண்டன. சத்தம் கேட்டு மேல்தெருவிலிருந்து எல்லோரும் ஓடிவந்து, கண்ணாடிக்கும் துண்டுக்கும் அடித்துக்கொண்டார்கள்.

"யாரு சாய்ச்சது? யாரு சாய்ச்சது?"

"அபேலு! எழுந்துட்டாரு டோய்!"

சேற்றை அள்ளி என் தலையில் பூசினார்கள். அதுவும் முறைதான். நான் நின்றுகொண்டேன். நெலித் கூட்டத்தைத் தாண்டி உள்ளே போனாள். கையைத் துடைத்துக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி, வால்யூம் திருகை முதலில் முழுக்க இறக்கி, பிறகு ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள்.

நெலித் புதன்கிழமை லாஞ்சில் கிளம்பினாள். லாஞ்சு எந்த மணல்திட்டிலும் ஏறவில்லை. லிமாவில் மிர்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, பிறகு ஒரு பையனும். நெலித் திரும்பி வரவில்லை. கேசட்டை எடுத்துப் போனாள். ஆம்ப்ளிஃபயரை என்னிடம் விட்டுப் போனாள். அடுத்த ஆண்டு நான் மரம் நட்டேன். மேளக்காரர்களை முன்பே பேசி வைத்திருந்தேன். ஒரு மீன்காரன் வெட்டிச் சாய்த்தான். ஓதிலா அந்த மழைக்காலத்தில் இறந்தாள். ரோமெர் புகல்பாவில் படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் ஒவ்வொன்றாக அணைந்துபோயின. புதிதாகப் போடக் கிடைக்கவில்லை. ஸ்பீக்கர் கிழியவில்லை. நான் இதே ஊரில்தான் இருக்கிறேன். அவர்கள் வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மாலையில் நான் என் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.